ராணியக்காவும் சத்தம் போடாத பலகையும்

ராணியக்கா போய்விட்டார்…

இன்று காலை அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். நெஞ்சு நோகுது என்று இருந்தவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. யுத்த காலத்தில் மன்னார் டவுனில், செயற்கைக் கால் பொருத்தும் ஒரு சென்டரில் நான் கம்ப்யூட்டர் மிஸ். அவர் அங்கே வந்த பேஷண்ட்.

மலையகத்தில் இருந்து வந்து மடுப் பக்கம் குடியேறி, கூலி வேலை செய்த குடும்பம். விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. வலது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

கால் பொருத்துவதற்காக மன்னார்த் தீவுக்கு வந்தவர். ஆறு வயது மகள் அந்தப் பக்கம், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மடுவில், தம்பி வீட்டில். நடுவில் ஆர்மி செக் பொயின்ட். அதைத் தாண்டி, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு மணல் ரோட்டு. வாகனம் போகாது. சாமானையும் தூக்கிக்கொண்டு தனியே நடக்க வேண்டும்.

தடியில்லாமல் நடந்து காட்டினால்தான் சென்டர் கடிதம் தரும். கடிதம் இருந்தால்தான் அந்தப் பக்கம் போக ஆர்மி தருகிற பாஸ். பாஸ் இருந்தால்தான் மகள்.

ஒரே எக்சர்சைஸ் எல்லாருக்கும் அலுத்துப்போகிறது, கேம் மாதிரி ஏதாவது செய்வோம் என்று துள்ளினது நான்தான்.

உடைந்த வள்ளத்துப் பலகை ஒன்று. கீழே அரைவட்டமாக அறுத்த மரக்கட்டை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச். பழைய கீபோர்டைக் கழற்றி, இடது வலது அம்புக்குறி இருந்த இடத்தில் வயரைப் பற்றவைத்தேன். பலகையில் ஏறி நின்று எந்தப் பக்கம் சரிகிறோமோ, ஸ்க்ரீனில் ஒரு வள்ளம் அந்தப் பக்கம் போகும்.

காலை ஊன்றினது ஆட்களுக்குத் தெரியட்டும் என்று, கடையில் இருந்ததிலேயே சத்தமான சுவிட்சாகத் தேடி வாங்கினேன். டிக்… டிக்… கேட்கக் கேட்க எனக்கு அப்படி ஒரு புளுகம், சந்தோஷம்.

ராணியக்கா முதல் நாள் காலை வைத்தார். டிக். உடனே இறங்கிவிட்டார். தலை சுற்றுகிறதாம். அடுத்த நாள் வயிற்றுவலி. அதற்கடுத்த நாள் வேறு ஏதோ… இப்படியே மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

எனக்கு விசர் பிடித்தது. மகளிடம் போக வேண்டும் என்று அழுகிற மனிசிக்கு இதில் ஏறக் கள்ளமா? ரிப்போர்ட்டில் "ஒத்துழைப்புப் போதாது" என்று என் கையாலேயே எழுதினேன்.

பிறகு ஒரு நாள், வேலைக்கு நடுவே கரண்ட் போய்விட்டது. நான் சும்மா பலகையில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தேன். டிக், டிக். திரும்பிப் பார்த்தால் ராணியக்கா சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"இறங்குங்க மிஸ்… அன்னிக்கும் இப்படித்தான். கால வச்சதும் டிக்குனு கேட்டுச்சு."

நான் தீவுக்குள்ளேயே வளர்ந்தவள். மிதிவெடி எனக்குப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படம். கால் போன சனத்துக்கு, காலை வைத்தால் சத்தம் போடுகிற பலகை செய்து கொடுத்திருக்கிறேன். என்ன மண்டை எனக்கு…

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பயந்தவள் என்று எழுதிவிட்டால் கடிதம் கிடைக்காதே என்று இருந்தாராம்.

அன்றைக்கே சுவிட்சுகளைப் பிடுங்கினேன். உள்ளே உருளை வைத்த பழைய மவுஸ் ஒன்றைத் திறந்து, பலகை விளிம்பில் இருந்து மீன்பிடிக்கிற தங்கூசி நூல் ஒன்றை அந்த உருளையில் சுற்றி, மற்றப் பக்கம் ரப்பர் பேண்ட். பலகை சரிந்தால் நூல் இழுக்கும், உருளை சுற்றும். சத்தமே இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று, பக்கத்தில் அடைத்த தகரத்தையும் கழற்றிவிட்டேன்.

ராணியக்கா குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு ஏறினார்.

வள்ளம் வேண்டாம் என்றார், வள்ளத்தில் கால் வைத்ததே இல்லையாம். வயல் வரம்பு ஒன்று செய்து கொடுத்தேன். வரம்பில் ஒரு பொம்பிளை நடப்பாள், சரிந்தால் சேற்றில் விழுவாள். அது மிஸ் மாதிரியே நடக்குது என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு கிழமைக்குள் தடியை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடிதம் கையெழுத்தானது. திங்கட்கிழமை பாஸ் எடுக்கப் போனோம்.

சனிக்கிழமையே பாதையைப் பூட்டிவிட்டார்களாம்.

நாலு நாளில் திறக்கும் என்றார்கள். பிறகு அடுத்த மாதம் என்றார்கள். அவர் கட்டின பையைப் பிரிக்கவே இல்லை. அதற்குள் மகளுக்கு வாங்கிய சட்டை, செருப்பு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்தச் செருப்பை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஒரு சைஸ் கூட்டி வேறு வாங்கி வைப்பார்.

பின்னேரங்களில் வந்து பலகையில் ஏறுவார். வரம்பை முதலில் இருந்து கடைசி வரை நடப்பார். விழவே மாட்டார். முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து… நான் வரம்பை இன்னும் நீளமாக்கிக் கொடுத்தேன். அதையும் நடந்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

யுத்தம் முடிந்து, அகதி முகாமில் இருந்து மகள் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ராணியக்காவை "அன்ரி" என்று கூப்பிட்டாள்.

என் பலகையால் வீணாய்ப்போன அந்த மூன்று கிழமையைப் பற்றி ஒருமுறை நான் வாய் திறந்தேன். "அங்கிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருப்போமோ. விடுங்க மிஸ்" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ரிப்போர்ட்டில் நான் எழுதினதை மட்டும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. பயம்தான்.

சென்டரை மூடும்போது அந்தப் பலகையை அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காலையில் மகள் கேட்டாள், "மிஸ், அது இஞ்சதான் கிடக்கு. என்ன செய்யிறது?"

நாளை மதியம் முருங்கனில், அவர்கள் வீட்டில் இருந்து எடுக்கிறார்கள். டவுனில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

வாறன் ராணியக்கா. பாதை திறந்துதான் கிடக்கு.