பாடாத இளவரசி

குற்றாலம் மெயினருவியில் வெள்ள எச்சரிக்கைச் சைரன் ஒலித்தால், இன்றும் என் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் டீச்சர் ஒரு தேவதைக் கதைப் புத்தகத்தைப் பாட்டு நாடகமாக்கினார். நான்தான் இளவரசி. அருவிக்குப் பக்கத்திலேயே மேடை. “நாடகம் முடியுத வரைக்கும் அருவியில தலையைக் காட்டக் கூடாதுட்டி” என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் சாரல் நேரத்தில் குற்றாலத்து வீட்டுக்கு விருந்தாளிகள் வராமல் இருப்பார்களா? மதுரை அத்தை பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போன நானும் ஆசையில் தலையைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள்தான் நாடகம். வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஜிகினா கிரீடத்தோடு திரைக்குப் பின்னால் நின்று, தண்ணீர் பெருக வேண்டும் சாமி என்று வேண்டினேன். சைரன் ஒலித்தது. போலீஸார் எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

“அழாதட்டி, அடுத்த சாரலுக்குப் போட்டுருவோம்” என்று டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த நாடகம் மேடையேறவே இல்லை.

இப்போது போன் அடிக்கிறது. டிவியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு டீச்சர்தான் கூப்பிடுகிறார்.

“அன்னைக்கு மட்டும் தண்ணி வரலைன்னா நீ எப்படிப் பாடியிருப்ப, ஏட்டி!”

வாயைத் திறக்கிறேன். வெறும் காற்றுதான் வருகிறது.