நடந்துபோன பனைகளும் கடலரசனின் விருந்தாளியும்

மாயக்கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய கைமுதல், ஒரு மரமும் அதை நெடுநேரம் வெறித்துப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமின்மையும்தான். இந்தத் தொழிலில் என்னோடு மாரடிக்கிற சகபாவிகளே, சண்டைக் காலத்தில் இணுவிலில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கிழமைக்குக் கிழமை தொடர் எழுதினவன் நான். சனம் செத்துக்கொண்டிருக்க உனக்குப் பூதம் கேக்குதோ என்று கேளாதவர்கள் குறைவு. கேட்டவர்களும் அடுத்த கிழமை பூதத்துக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள்.

பனை

வீட்டுக்குப் பின்னால் ஒரு பனங்காணி. காற்றடித்தால் காவோலைகள் உரசிக் கதைக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான், அமாவாசையில் பனைகள் வேரைப் பிடுங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கிற கதையை எழுதினேன். பிறகு ஷெல் வந்து விழுகிற செல்லடி கூடியது. பதுங்குகுழிக்கு மேலே அடுக்கக் குற்றி வேண்டுமென்று பனைகளைத் தறித்துக் காணியை வெளியாக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெறும் வானம். தறித்த அடிகளுக்கு நடுவே குந்திவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிவலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னான்:

“கவலைப்படாதேங்கோ அண்ணை, உங்கடை பனையள் நடந்துபோய் பங்கருக்கு மேலை படுத்திட்டுதுகள்.”

கடல்

மரம் போனால் கடல் இருக்கிறதே என்று சைக்கிளில் குருநகருக்குப் போனேன். கடலுக்குப் போகத் தடை. களவாகப் போய்வருகிறவர்கள்தான் மீன் பிடித்தார்கள். கரையில் ஒருவர் நூலைப் பல்லில் கடித்தபடி கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர்! விடுவேனா? கடலரசன் அவரை விருந்துக்குக் கூட்டிப்போய், அடிக்கடலில் கிழிந்துபோன அலைகளைப் பொத்தச் சொல்வதாக எழுதினேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது, பொருளாதாரத் தடையால் பத்திரிகையைக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“உம்மடை கடலரசனிட்டைச் சொல்லி ஒரு கப்பல் கடதாசி அனுப்பச் சொல்லும் ஐசே.”

விருந்தாளி

தொடர் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில் தேவசகாயம் என்றொருவர் படலையைத் தட்டினார். மப்ளர்காரர் அவருடைய தமையன். கடலில் நேவி சுட்டதில் தோணி மட்டும் கரை ஒதுங்கியதாம், ஆள் இல்லை. மனைவி பிலோமினா துக்கத்துக்குக் கறுப்புச் சீலை உடுக்க மாட்டாளாம், செத்தவருக்கென்று கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்க விடமாட்டாளாம். என் தொடரைப் படித்துவிட்டு, மப்ளரோடு வலை பொத்துகிறவர் வேறு ஆர், அவர் கடலரசன் வீட்டில் இருக்கிறார் என்கிறாளாம். போய்க் கூட்டிவருகிறேன் என்று தோணியைத் தள்ளிக்கொண்டு இறங்கியவளை இரண்டு தரம் இழுத்து வந்திருக்கிறார்கள். அடுத்த தரம் நேவி விடாது.

நான் எழுதத் தொடங்கியபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தார். தேவசகாயம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்கள்தானே ஐயா உயிரோடை வைச்சிருக்கிறியள், நீங்களே சாகடிச்சு விடுங்கோ.”

கறுப்புச் சீலை

பூதங்களைக் கொன்ற எனக்கு ஒரு நல்ல மனிதனைக் கொல்ல வரவில்லை. அழுதழுது எழுதினேன். அலையெல்லாம் பொத்தி முடித்து, அடிக்கடலின் குளிர்ந்த சேற்றில் படுத்தவர் எழும்பவேயில்லை என்று முடித்தேன்.

பத்திரிகை வந்து சில நாளில், தேவசகாயத்தின் சைக்கிள் கரியரில் இருந்து பிலோமினா இறங்கினாள். கறுப்புச் சீலை. ஏச்சு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவள் ஏசவில்லை, அழவுமில்லை. மடித்து வைத்திருந்த பத்திரிகையை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“செத்தது சரி ஐயா, பூசையும் குடுத்திட்டன். அடிக்கடல் குளிர் எண்டதை மட்டும் மாத்தி எழுதுங்கோ, அவருக்குக் குளிர் ஒத்துவராது.”

அடுத்த கிழமை அடிக்கடலில் வெயில் எறிக்க வைத்தேன். பனையை நடக்க வைத்தவனுக்கு அது பெரிய வேலையில்லை.