நயினாதீவுத் தேருக்கு, சகலனின் கியர் போடாத காரில்

இந்த ஆனியில் நயினாதீவுத் தேருக்குப் போனோம். போனதற்குக் காரணம் என் மாமியாரின் நேர்த்தி. தேருக்குப் பின்னால் அடிக்கு அடி நிலந்தொட்டுக் கும்பிட்டு அடியழிப்பதாக நேர்ந்திருந்தார். போன வருசம் காய்ச்சலால் தவறிவிட்டது. இம்முறையும் தவறினால் தெய்வக் குற்றம் என்று ஒரு கிழமையாக வீட்டில் அதே பேச்சு. நான் என் பழைய காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். மாமி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சின்னவர் பதுளையிலிருந்து கார் கொண்டு வருகிறாராம்.

சின்னவர் என்பது என் மனைவியின் தங்கை புருசன் பரராசா, என் சகலன். பதுளையில் கடை வைத்திருக்கிறான். அவன் வாங்கிய காருக்குக் கியர் போடவே தேவையில்லை, அது தானாக மாறும். இடது காலுக்கு வேலையே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது? கொழும்புக்குப் போகும்போதெல்லாம் கராஜ்காரர்களிடம் இந்த மாதிரிக் கார்களுக்கு என்னென்ன வருத்தம் வரும் என்று விசாரித்து வைத்திருந்தேன். நல்ல மனதோடு விசாரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய இருபது மைல். காலை ஆறு மணிக்குப் பண்ணைப் பாலத்தில் ஏறினோம். மாமி முன் சீற்றில் இருந்தார். என் மனைவியும் நானும் பின்னால், என் மடியில் பூசைக்கான வாழையிலைக் கட்டு. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி என்று ஒவ்வோர் ஊராகக் கடக்க, "மெத்தை மாதிரிப் போகுது" என்று மாமி சொல்லிக்கொண்டே வந்தார்.

வேலணை தாண்டியதும் மெத்தை இழுபட்டது. எஞ்சின் கத்துகிறது, கார் ஊர்கிறது. மிதித்தால் சத்தந்தான் கூடியது. பெற்றோலில் தண்ணீர் என்றான் பரராசா. பெற்றோலில் பிழை என்றால் எஞ்சின் இருமும், இப்படிக் கத்தாது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அரை மைல் வாயைத் திறக்கவில்லை. புங்குடுதீவுப் பாலத்தடியில் கார் நின்றேவிட்டது. தீவுக்குப் போக, தேருக்கு முந்திய கடைசி லோஞ்ச் படகு எட்டரைக்கு. வந்த பஸ்களில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கினார்கள். மாமி கடலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். எங்கள் பக்கத்தில் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் காரின் அடியில் கழிவு ஒயில் பூசுவது வழக்கம். பரராசாவும் பூசியிருந்தான். நாலு நாளாகச் சொட்டுவது அந்த ஒயில்தான் என்று நினைத்திருக்கிறான். என் வேட்டித் தலைப்பால் ஒரு சொட்டை ஒற்றினேன். கறுப்பில்லை, சிவப்பு. கழிவு ஒயில் சிவக்காது. கியர்ப்பெட்டி ஒயில்தான் சிவப்பு.

"கியர் ஒயில் பார்த்தனீரோ?"

"ஓம் அண்ணை, விடியப் பார்த்தனான். அளவுக் கம்பியில நிறைய நிண்டது."

"எஞ்சினை ஓட விட்டோ, நிற்பாட்டியோ?"

"நிற்பாட்டித்தான். எல்லாக் காருக்கும் அப்பிடித்தானே?"

அங்கேதான் பிழை. எஞ்சின் நின்றால் கியர் ஒயில் முழுக்கப் பெட்டியின் அடித்தட்டில் இறங்கி, கம்பியில் நிறையக் காட்டும். எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தோம், கம்பியின் நுனியில்கூட ஒட்டவில்லை. கார் விற்றவன் கொடுத்த கியர் ஒயில் தகரம் டிக்கியில் மூடி திறக்காமலே கிடந்தது. புனல் இல்லை. என் மடியில் வந்த வாழையிலையில் ஒன்றைச் சுருட்டி ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் சில்லு பிடித்துக் கார் நகர்ந்தது. மெல்ல ஓட்டிக் கடைசி லோஞ்சைப் பிடித்தோம். ஆளுக்கு ஐம்பது சதம்.

லோஞ்சில் மாமியிடம், இவ்வளவு பாடுபட்டு வருகிறோமே, என்ன நேர்த்தி என்று கேட்டேன்.

"சின்னவருக்கு நல்ல கார் கிடைக்க வேணும் எண்டு நேர்ந்தனான். கிடைச்சிட்டுது."

என் வேட்டியில் சிவப்புக் கறை. "எனக்கு ஒண்டும் நேரேல்லையோ மாமி?"

"நேராமல் விடுவனோ தம்பி? மற்றவையின்ரை காரைப் பார்த்து நீங்கள் வேகாமல் இருக்க வேணும் எண்டு நேர்ந்திருக்கிறன். அது சரிவந்தால் இன்னொருக்கால் வந்து அடியழிப்பன்."

பரராசா கடலைப் பார்த்தான். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி அன்று தேர் வீதி முழுக்கக் குறையில்லாமல் அடியழித்தார். நான் குடை பிடித்தபடி கூடவே போனேன். சுடுமணலில் என் கால்தான் கொப்பளித்தது.

இந்த மாதிரிக் காரில் தீவுப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: முதல்நாள் இரவு காருக்கு அடியில் வெள்ளைக் கடதாசி விரித்து வையுங்கள். சிவப்புச் சொட்டு விழுந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடேறி ஓடும்போதே கியர் ஒயிலைப் பாருங்கள். ஒரு தகரம் ஒயிலும் புனலும் கொண்டு வாருங்கள், வாழையிலை எப்போதும் கிடைக்காது. தேரன்று எட்டு மணிக்கு முன் துறைக்கு வந்துவிடுங்கள்.

திரும்பும்போது கார் மெத்தை மாதிரித்தான் போனது. மாமியும் என் மனைவியும் தூங்கிவிட்டார்கள், நான் வேலணை தாண்டியும் பரராசாவின் வேலையில்லாத இடது காலையே பார்த்து வெந்துகொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அடுத்த ஆனியில் மாமிக்கு அடியழிக்கும் வேலை இருக்காது.