நடுக்கடலில் ஒரு வள்ளி கும்மி

இரண்டு வருடங்களுக்கு முன், சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய் வரும் சொகுசுக் கப்பலில் நடந்தது இது. கப்பல் பயணமா என்று பொறாமைப்பட வேண்டாம். ஏறும்போது நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்களுக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட். நூல் மில்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஜோடியாகக் கப்பலில் கூட்டிப் போகிறோம் என்றதும் என் கணவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். தேதி சரிப்படுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்த வாரம்தான் எங்கள் வள்ளி கும்மி அரங்கேற்றம் என்று.

எங்கள் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிதான். வள்ளி கல்யாணக் கதையை ஆசிரியர் பாடப் பாட, பெண்கள் கைதட்டி அடி வைத்து ஆட வேண்டும். மாதக்கணக்கில் பழகி, ஒரே நிறச் சேலையும் காலில் சலங்கையுமாக ஊர் முன்னால் ஆடுவதுதான் அரங்கேற்றம். ஐம்பது வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பழகினேன். பிள்ளைகள், யூனிட் என்று ஓடிய வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"அடுத்த தடவை ஆடிக்கலாம் புள்ள, கும்மி எங்க ஓடிப்போகுது?" என்றார் இவர்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. மில்காரர்களையும் பகைத்துக்கொள்ள முடியாது. சேலையையும் சலங்கையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எதற்கு என்று கேட்டால், வீம்புதான்.

கரை மறைந்ததும் போன் செத்துப்போனது. சுற்றிலும் தண்ணீர். சாப்பாடு, தூக்கம், மறுபடியும் சாப்பாடு. நாளெல்லாம் "மிசின் ஓடுதா, துணி ஏத்தியாச்சா" என்று போனில் கத்துகிற மனிதர், சிக்னல் இல்லாத போனைக் கையில் பிடித்தபடி மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நடையாய் நடந்தார். பார்க்கச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. பகல் நகரவே மாட்டேன் என்றது. அரங்கேற்ற நாளன்று காலையில் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். இந்நேரம் ஊரில் எல்லோரும் தலைக்குக் குளித்துப் பூக்கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலிப் பெண், "என்னக்கா, வீட்ட நெனச்சு அழுதியளா?" என்றார். அவரும் மில்காரர்கள் கூட்டி வந்த எங்கள் கூட்டம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் யூனிட் நடத்துகிறார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"இதுக்குப் போயி அழுவாகளா? சாயங்காலம் யாரு வேணும்னாலும் மேடையேறலாம்னு சொன்னாவல்லா. இங்கனயே ஆடிருவோம். முளைப்பாரிக்குக் கும்மியடிச்ச கையிக்கா இது!" என்றார்.

எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! எங்கள் கூட்டத்துப் பெண்களைத் திரட்டி, நீச்சல் குளத்துப் பக்கத்தில் நானே பாடிப் பாடிப் பழக்கினேன். வலது காலை எடுத்து வைக்கும்போது கப்பல் இடது பக்கம் சாயும். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பொழுது போன இடம் தெரியவில்லை. நடுவில் ஓடிப்போய்க் கப்பல் பணிப்பெண்ணிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். "கும்மி" என்று அழுத்தித்தான் சொன்னேன்.

சாயங்காலம் சேலையும் சலங்கையுமாகப் போனால் அரங்கம் முழுக்கப் பொடிசுகள். விஷயம் என்னவென்றால், அறிவிப்புத் திரையில் ஆங்கிலத்தில் 'கம்மி' என்று போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் மெல்லுகிற ஜெல்லி மிட்டாய்க்கு அதுதான் பெயராம். மிட்டாய் தரப்போகிறார்கள் என்று கப்பலில் இருந்த குழந்தைகளெல்லாம் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டன.

"கம்மின்னா கொறைச்சலா ஆடணுமாக்கா?" என்று திருநெல்வேலிக்காரர் காதைக் கடித்தார்.

அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பாடிக்கொண்டே ஆடினால் எனக்கு மூச்சு வாங்கும், மேடையில் போனிலிருந்து பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தப் பாட்டெல்லாம் நெட்டில் இருக்கிறது. நடுக்கடலில் நெட்டுக்கு எங்கே போக? போனில் வட்டம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. எங்களை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். இங்கேயும் போச்சா என்று தோன்றியது.

கூட்டத்திலிருந்து என் கணவர் எழுந்து வந்தார். பணிப்பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"நீ ஆடு புள்ள. நான் பாடறேன்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மாசக்கணக்கா ஊட்டுல காது கிழியப் போட்டுட்டு இருந்தயே, தெரியாம எங்க போகும்?"

பாடினார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மைக்கே தேவையில்லை. முதல் வரியிலேயே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. என் கால் தானாக எழுந்தது. கப்பல் சாய்ந்தால் நாங்களும் சேர்ந்து சாய்ந்து ஆடினோம். மிட்டாயை மறந்து குழந்தைகள் மேடையேறி எங்களைச் சுற்றிக் கைதட்டிக் குதித்தன. முடியும்போது அரங்கமே எழுந்து நின்றது. ஊரில் ஆடியிருந்தால் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்திருப்பேன். அங்கே நான்தான் ராணி. பணிப்பெண் எங்கிருந்தோ ஒரு கூடை மிட்டாய் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரு வரியை மட்டும் இவர் விடாமல் திரும்பத் திரும்பப் பாடினார்.

"அந்த எடத்துல மட்டும் எதுக்குங்க அத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"பாட்டே அப்படித்தானே? ஊட்டுல அப்படித்தான கேக்கும்?" என்றார்.

அது எனக்கு எப்போதும் அடி தப்புகிற இடம். அந்த வரியை மட்டும் பின்னால் ஓட்டி ஓட்டிப் போட்டு வீட்டில் பழகியவள் நான்தான்.

தேதி கேட்காமல் தலையாட்டியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்த மனிதர் என் பேச்சுக்குக் காதே கொடுப்பதில்லை என்று யாரிடமும் சொல்வதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.