வாசலைப் பார்த்து வைத்த படம்

தென் கொரியாவின் அன்சான் நகரில் கிம்சி ஊறுகாயும் கீரையும் நெத்திலி வறுவலும் விற்கிற கும்ரான், வாய்ப்பாட்டில் பட்டம் வாங்கியவள். என்ன பிரயோசனம்? கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடியதெல்லாம் அடுப்படியில்தான். ஐம்பது தாண்டியதும், போதும் என்று முடிவு கட்டினாள். கவிதையைப் பியானோவோடு பாடும் கொரியக் கலைப்பாடல்களை, ஞாயிறுதோறும் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

பாட வந்தவர்களில் குடியிருப்புப் பெண்கள் பாதி, தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நேபாளிகளும் உஸ்பெக்குகளும் பாதி. பாட்டின் பொருளைத் தன் ஊரை வைத்துச் சொன்ன பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம், அது அவள் விதி. "குப்பையப் பிரிச்சுப் போடத் தெரியாத கும்பல்" என்று முகம் சுளித்த பெண்களே இப்போது அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் மேங்குக்கு மட்டும் ஆகவில்லை. எண்பதை நெருங்கும் சிடுமூஞ்சி மனுஷன்.

"இந்த ஞாயித்துக்கிழமையோட சரி, கடைக்காரம்மா. வெளியாளுங்களுக்கு இனிமே கூடம் கிடையாது. நானே வந்து பூட்டுறேன்."

"வாங்க தலைவரே, கட்டாயம் வாங்க."

அந்த வாரம்தான், பாட வரும் நேபாளிகளில் ஒருவனான லோக்நாத்தின் அப்பா ஊரில் இறந்துபோனார். தொழிற்சாலையில் விடுப்புத் தரவில்லை. கடையில் வந்து உட்கார்ந்தவன், "கொள்ளி வைக்கக்கூட நான் இல்ல, சித்தி" என்றான். கும்ரான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா படத்தக் கொண்டா. பாடி அனுப்பி வைப்போம். அந்த மேங்கும் வருவாரு. படத்த வாசலப் பாத்து வைக்கட்டுமா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "வைங்க. அப்பாவுக்கு ஆளுங்க வந்தா பிடிக்கும்."

ஞாயிறன்று மேங் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தால் எதிரே படம், ஊதுபத்தி, வெள்ளைச் சாமந்தி. அதைப் பார்த்த பிறகு முதுகு காட்டிப் போக அந்த ஊரில் வளர்ந்த யாராலும் முடியாது. செருப்பைக் கழற்றினார். ஊதுபத்தி ஏற்றி, தரையில் நெற்றி பட இரண்டு முறை வணங்கினார். கும்ரான் சொல்லி வைத்தபடி லோக்நாத் பதிலுக்கு வணங்கினான்.

துக்கத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது. துக்க வீட்டில் மாட்டுக்கறி போட்டுக் காய்ச்சும் காரச் சூப்பைச் சூடாக அவர்முன் வைத்தாள் கும்ரான்.

"இதுல மாட்டுக்கறியக் காணோமே."

"செத்தவரு அதச் சாப்பிடாதவரு. நீங்க சாப்பிடுங்க."

அவர் கரண்டியை எடுத்தபோது பியானோ ஆரம்பித்தது. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மலைக்குத் திரும்பிப் போக முடியாதவன் பாடும் பாட்டு. பாடுவதற்கு முன் லோக்நாத் தத்தித் தத்திக் கொரிய மொழியில் சொன்னான்:

"இது எங்க ஊரு மலை. அங்க எங்கப்பா. இங்க நான். நடுவுல வழி இல்ல."

எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மேங் கரண்டியைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை.

"போர்ல நாடு ரெண்டானப்ப எங்கப்பா வட கொரியாவுலயே தங்கிட்டாரு," என்றார் பாட்டு முடிந்ததும். "எப்ப செத்தாரு, தெரியாது. செத்த நாள் தெரியாதவங்களுக்குன்னு இருக்கிற ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் தேதி சும்மா ஒரு படையல் போடுறேன். யாரும் வர்றதில்ல."

லோக்நாத் தலை நிமிர்ந்தான். "நாங்க வர்றோம், ஐயா."

மேங் சாவியைக் கும்ரான் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும், தலைவரே. ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து திறங்க. எங்களுக்குக் கட்டைக் குரல் ஒண்ணு குறையுது."