எங்கள் வீட்டுச் சுவரை இடித்த பிள்ளையார்

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் மண்ணரையில், நொய்யல் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு வீதியில் எங்கள் வீடு. பகல் பதினோரு மணி இருக்கும். என் கணவர் கடைவீதிக்குப் போயிருந்தார். நான் சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். ஏழு மாதக் குழந்தை முன்னறையில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று வீட்டையே தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம்!

மத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். முன்னறை முழுக்கப் புழுதி. தெருப்பக்கச் சுவர் இருந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்கு நடுவே, உடம்பெல்லாம் வைக்கோலும் சாக்கும் சுற்றிக்கொண்டு, என் தோள் உயரத்துக்கு ஒரு கல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. குழந்தை அழவில்லை. விழித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். திருமுருகன்பூண்டியில் செதுக்கிய சிலையை, மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமக் கோயிலுக்கு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வீதிச் சரிவில் வண்டி ஏறும்போது நுகத்தடிக் கயிறு அறுந்துவிட்டது. மாடுகள் தப்பித்துக்கொண்டன. வண்டி பாரத்தோடு பின்னால் உருண்டு வந்து எங்கள் சுவரில் மோத, பிள்ளையார் வழுக்கி உள்ளேயே வந்துவிட்டார். வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அவரிடம் இரண்டு மாடுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எனக்கோ சுவர் போனது உறைக்கவே இல்லை. குழந்தை பிழைத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. வைக்கோலையும் சாக்கையும் பிய்த்துப் போட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டிலிருந்த சந்தனத்தை எல்லாம் குழைத்து நெற்றியிலிருந்து தும்பிக்கை வரை பூசி, குங்குமம் வைத்து, விளக்கேற்றி, சூடம் காட்டி விழுந்து கும்பிட்டேன். என்னைப் பார்த்து வீதியே வந்தது. சாயங்காலத்துக்குள் வாழைமரம் கட்டியாகிவிட்டது. மறுநாள் சுண்டல்!

இன்ஷூரன்ஸ் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியன்களை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கம்பெனிக்கு நூல் கொண்டுவரும் பாய் ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாகவும் இருந்தார். நச்சரித்து நச்சரித்து, தீப்பிடித்தாலும் வண்டி மோதினாலும் உண்டு என்று சொல்லி, எங்கள் வீட்டுக்கு ஒரு பாலிசி போட வைத்திருந்தார். அப்போது வீதியில் எங்களைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "ஊட்டுக்கு என்னங்க உசுரா இருக்குது, இன்ஷூர் பண்றதுக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

இப்போது பாயே ஓடி வந்து, "சர்வேயர் பாத்துட்டுப் போற வரைக்கும் ஒரு செங்கலைக்கூட அசைச்சுப் போடாதீங்க அம்மிணி" என்றார். கோயில்காரர்களும் ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில்தான் சிலையை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகப் பிள்ளையார் எங்கள் வீட்டிலேயே தங்கினார். சுவர் இல்லாத ஓட்டையில் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆடிக் காற்று அதைத் தூக்கி எங்கள் முகத்தில் அடித்தது. சோற்றில் மண், தொட்டிலில் மண், பிள்ளையார் தொப்பையிலும் மண்.

சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் பாய் படித்துச் சொன்னார். பணம் கிடையாது! ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

என் கணவர் நிதானமான மனுஷன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஆவணிக்குள்ள ஒண்ணும் ஆகலீன்னா இருக்கறபடியே ஊட்ட வித்துப்போட்டு கணியூருக்கே போயரலாம் புள்ள. அங்க காடு இருக்குது" என்றார். கணியூர் அவருடைய ஊர், காடு என்றது அங்கிருந்த விவசாய நிலத்தை. அங்கே போனால் என் வேலை போய்விடும். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டுச் சேர்த்துக் கட்டிய வீடும் போய்விடும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் ஒரு பனியனை வேண்டாமென்று தள்ளினால், ஓட்டை இருக்கிற இடத்தில் நூலைக் கட்டிக் காட்ட வேண்டும். காட்டாமல் தள்ளினால் தைத்தவன் சும்மா விடுவானா? இவர்களும் ஓட்டையைக் காட்டட்டும் என்று அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டு, கணவரையும் பாயையும் கிளப்பிக்கொண்டு கோயமுத்தூர் ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே பெரிய ஆபீசர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஓட்டை எதுன்னு காட்டுங்க சார்" என்று நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. பாய் விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, சர்வேயர் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினார். மாலை, விளக்கு, வாழைமரம், பிரசாதம். "சாமி ஊர்வலமா வந்து எங்க வீதியிலயே நின்னுபோட்டாருங்க, தெனமும் நோம்பிதானுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா பெருமையாகச் சொன்னதும் அதில் இருந்தது. ஊர்வலத்தாலும் திருவிழாக் கூட்டத்தாலும் வரும் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லையாம்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓட்டையைக் காட்டு என்று வந்தேன், காட்டிவிட்டார்கள். அதைப் போட்டவள் நானேதான்! வைக்கோலோடு அப்படியே விட்டிருந்தால் அது வண்டிச் சரக்கு. நான்தான் குளிப்பாட்டிச் சாமியாக்கி உட்கார வைத்தேன்.

"ஊர்வலம் இல்லைன்னு யாராவது நிரூபிச்சா பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நானே நேர்ல வரேன்" என்றார் ஆபீசர்.

வண்டிக்காரரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. அவர் தினமும் வந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். திருமுருகன்பூண்டிக்குப் போய்ச் சிற்பியைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கோபக்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "தும்பிக்கைல அடி பட்டிருக்குதுங்களா?" என்று அது ஒன்றைத்தான் கேட்டார். இல்லை என்றதும், "வெள்ளிக்கிழம வர்றனுங்க" என்று உளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வீதியில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஆபீசர் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பிள்ளையாரைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தலைக்குப் போனது, குட்டிக்கொண்டார். ஆபீசரே கும்பிட்டுவிட்டால் இனி யாரிடம் போய் இது கல் என்று சொல்வது?

அந்த நேரம் பார்த்துச் சிற்பி வந்தார். டயர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே வந்து, பிள்ளையாரின் மடித்த கால்மேல் தன் காலைத் தூக்கி வைத்து, காதுப் பக்கம் உளியை வைத்து டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்துவிட்டார்!

வீதியே அலறியது. பக்கத்து வீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஆபீசர், "ஏய், செருப்பு! செருப்பு!" என்று கத்தினார்.

"சாமி இல்லீங்க சார், கல்லுங்க" என்றார் சிற்பி, தட்டுவதை நிறுத்தாமல். "காதும் நகமும் இன்னும் முடியலீங்க. கோயில்ல வெச்சுத்தான் முடிக்கோணும். கண்ணு கடசீலதானுங்க தொறப்போம். அது வரைக்கும் தெனமும் இதும்மேல ஏறி நின்னுதான் நாங்க வேல பாக்கறது."

"கண்ணா?" என்றார் ஆபீசர்.

சிற்பி என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றார். வாங்கிப் பிள்ளையார் முகத்தில் ஊற்றி, நான் நாள் தவறாமல் பூசியிருந்த சந்தனத்தை உள்ளங்கையால் தேய்த்துக் கழுவினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் கல்!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பனியனில் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடித்துத் தள்ளுகிறவள் நான். இத்தனை நாளும் அந்த முகத்துக்கு முன்னால் நின்று உருகியிருக்கிறேன், கண் இல்லை என்பதைப் பார்க்கவில்லை. ஏழு மாதக் குழந்தைதான் முதல் நாளே அதை உற்றுப் பார்த்திருக்கிறது.

ஆபீசர் அதன்பிறகு மளமளவென்று கேட்டு எழுதிக்கொண்டார். மேளம் உண்டா, ஆட்கள் வந்தார்களா? "நானும் ரெண்டு மாடுந்தானுங்க" என்றார் வண்டிக்காரர். நான் பிய்த்துப் போட்டிருந்த வைக்கோலும் சாக்கும் கொல்லையில் கிடந்தன, அவற்றையும் போய்ப் பார்த்தார். கிளம்பும்போது கதவுக்கருகில் நின்று, "உங்க ஓட்டையைத் தைச்சாச்சும்மா" என்றார். குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். எதற்கும் அசையாத என் கணவர்கூடச் சிற்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஆவணி பிறப்பதற்கு முன்பே பணம் வந்து, சுவர் எழும்பியது. கணியூர்ப் பேச்சு அதோடு நின்றது. பக்கத்து வீட்டு அக்காதான், சாமியைக் கல்லென்று சொல்ல வைத்தவள் என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கோயிலில் கண் திறந்த அன்று நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். திரைக்குப் பின்னால் சிற்பி தங்க ஊசியோடு போனார். கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. எங்கள் வீட்டில் அத்தனை நாள் இருந்த அதே பிள்ளையார், இப்போது என்னைப் பார்த்தார். உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் யாரோ தொப்பென்று விழுந்ததுபோல இருந்தது. திரும்பினால் சிற்பி! அன்றைக்குச் செருப்புக் காலைத் தூக்கி வைத்தவர், வெறும் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார், வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது, வீடும் எங்களுடையதாகவே இருக்கிறது. ஒன்றைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்போதும் சரி, வேண்டாமென்று தள்ளத் தோன்றும்போதும் சரி, முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அதன் முகத்தைக் கழுவிப் பார்த்துவிட வேண்டும் என்று இன்றைக்கும் என் கை பரபரக்கிறது.