புதன்கிழமைப் பால்

மனு எழுதுவதுதான் என் பிழைப்பு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் பட்டா, பென்ஷன், ரோடு, குடிதண்ணீர் என்று ஜனங்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் நாலு வார்த்தை பேசுவதற்குள் மீதியை நானே எழுதிவிடுவேன். "சார், எங்க வூட்டாண்ட..." என்று ஒருவர் ஆரம்பித்தால், நான் 'மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்' வரை போயிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எழுதிக் கொடுத்த காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். போன மாதமும் இதே மனுவைத்தானே எழுதினோம், இந்த முகத்தில் இன்னும் எப்படி இவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் என்று கௌரவத்துக்குச் சொல்கிறேன். அது பொறாமை. என் வீட்டில் அந்தச் சரக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

என் மகளுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதெல்லாம் புரிந்தது. வாயில் மட்டும் ஒரு சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவரிடம் ஒவ்வொரு புதன்கிழமையும் கூட்டிக்கொண்டு போவேன். மனைவி பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கு லீவு கிடைக்காது. முதல் ஆறு மாதம் ஆசையாகப் போனேன். அப்புறம் வண்டிக்கு டியூ கட்டுகிற மாதிரி போய்வந்தேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூர், சாமை போடுகிறவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவர் மகளும் என் மகள் வயதுதான், அவளும் பேசவில்லை. விடியலில் முதல் பஸ் பிடித்து மலை இறங்குவார்கள். வளைவுகளில் குழந்தைக்கு வாந்தி வரும் என்று ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பிளாஸ்டிக் கவரும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அத்தனை தூரம் வந்தும் அந்த மனிதர் முகத்தில் களைப்பைப் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் இரண்டு குடும்பமும் பக்கத்து டீக்கடைக்குப் போவோம். நான் உட்காருவதற்கு முன்பே "மாஸ்டர், ஒரு டீ, பாப்பாவுக்கு ஒரு பால்" என்றுவிடுவேன். அவர் அப்படி இல்லை. தன் மகளைப் பெஞ்சில் நிற்க வைத்து, "பாப்பா, உனக்கு இன்னா வேணும்? பன்னா, பிஸ்கட்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். குழந்தை ஈயைப் பார்க்கும், பாய்லரைப் பார்க்கும். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். மாஸ்டர், "எதுனா ஒண்ணு சொல்லுப்பா" என்று பல்லைக் கடிப்பார். இவர் சிரித்துக்கொண்டு, "இருங்க, அது சொல்லும்" என்பார். பேசாத குழந்தையிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு மனிதர் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வயிறு எரியும்.

ஒரு புதன்கிழமை அந்தக் குழந்தை "பன்னு" என்றது.

மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். நானும் சிரித்தேன், கைகூடத் தட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது உங்க பாப்பாதாண்ணே, பாருங்க" என்றார். அவரிடம் ஜாஸ்தியாக இருந்ததில் எனக்கும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் பாலில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "குடி, குடி" என்று டம்ளரை அவள் வாயில் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் போன் செய்தார். நாளைக்கு வரமுடியாது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். "அந்த மலைக்காரருக்கு லைன் கிடைக்கல சார். நீங்க சொல்லிடறீங்களா?" அவர் ஊரில் டவர் கிடையாது. அவசரத்துக்கு என்று வெள்ளிமலை மளிகைக் கடை நம்பர் ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். "சொல்லிடறேன் மேடம்" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன். மறக்கவில்லை. அன்றைக்கு எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் நடுவில் ஞாபகம் வந்தது. ஒரு வாரம் அந்தக் குழந்தை பின்தங்கட்டுமே என்று நினைத்தேன்.

அவர்கள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை மேடம், "சார்கிட்ட சொல்லச் சொன்னேனே" என்று இழுத்தார். நான் வாய் திறப்பதற்குள் மலைக்காரரே முந்திக்கொண்டார். "கடக்காரரு சொன்னாரு மேடம், அன்னிக்கு டவரே இல்லியாம். அண்ணன் இன்னா பண்ணுவாரு பாவம்."

"ஆமா, லைனே கெடைக்கல" என்றேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். டீக்கடையில் இருந்தபோது ஒரு பட்டாக்காரர் போன் செய்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ரோட்டுக்கு வந்து பேசினேன். திரும்பி வந்தால் மலைக்காரர் எழுந்து நிற்கிறார்.

"அண்ணே, உங்க பாப்பா பேசிச்சி."

"இன்னா? இன்னா சொல்லிச்சி?"

"பால அப்டியே வெச்சினு இருந்துச்சு. குடிக்கிறியா கண்ணுன்னு கேட்டேன். வேணாம்னுச்சு."

மாஸ்டரைப் பார்த்தேன். பாய்லர் சத்தத்தில் காதில் விழவில்லை என்று கையை விரித்தார். மகள் முன்னால் மண்டியிட்டு, "சொல்லும்மா, வேணாம் சொல்லு, வே... ணாம்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேணா சொல்லிச்சு" என்றாள். என் குழந்தையின் முதல் வார்த்தைக்கு அவர் குழந்தை சாட்சி சொன்னாள். எத்தனையோ நாள் நான் காத்திருந்த ஒரு சொல், நான் ரோட்டில் நின்ற ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் காதில் விழுந்துவிட்டது. சந்தோஷத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது, மறைத்து என்ன பயன்.

அடுத்து சந்தேகம் வந்தது. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாரோ? மனுக்காரர்களுக்கு நான் "கண்டிப்பா நடக்கும், போங்க" என்று சொல்கிற மாதிரி?

அவரை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. என் சொல்லை நம்பிய மனிதர் அவர். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "தம்பி, அன்னிக்கு டவர் எல்லாம்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. மீதியை யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. அவர் தன் மகளிடம் நிற்கிற மாதிரியே சும்மா நின்றார். நானேதான் முடிக்க வேண்டியிருந்தது. "டவர் இருந்துச்சா இல்லியான்னே தெரியாது. நான் போனே பண்ணல."

அவர் முகத்தில் முதல் தடவையாகக் களைப்பைப் பார்த்தேன்.

"அன்னிக்கு மூணு வாட்டி வாந்தி எடுத்துச்சிண்ணே. பூட்டுன கதவத் தட்டிக்கினே இருந்துச்சு. வூட்டுக்குப் போலாம்னா வரமாட்டேன்னு அழுதுச்சு." மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வெட்கத்தைவிட அந்த ஒரு சொல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"அப்ப என் பாப்பா சொன்னது? அது நெசந்தானே?"

திரும்பினார். "பொய் சொல்றதுக்கு நான் இன்னா நீங்களாண்ணே?"

என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. எந்தத் திட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததும் இல்லை. இவ்வளவு கோபத்திலும் மாற்றிச் சொல்லவில்லை. அப்படியானால் என் மகள் பேசியிருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை அவர் எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என்னிடம் பேசவில்லை. மாஸ்டர் வழக்கம்போலப் பால் டம்ளரோடு வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மகளைப் பெஞ்சில் நிற்க வைத்தேன்.

"பாப்பா, உனக்கு இன்னா வேணும்?"

அவள் ஈயைப் பார்த்தாள். பாய்லரைப் பார்த்தாள். பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்தார். என் நாக்கு நுனியில் பதில் வந்து முட்டியது, விழுங்கினேன். எதிர்ப் பெஞ்சில் அவர் தன் டீயை மறந்துவிட்டு என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். இந்தத் தடவை என் காதில்தான் முதலில் விழ வேண்டும்.